நடந்துபோக ஓர் அடுப்பு

என் மனைவி மஸ்கட்டிலிருந்து பேசும்போது முதலில் கேட்பது, "சாப்ட்டீங்களா?" என்பதுதான். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

"அடுத்த லீவுக்கு வரும்போது பத்து நாள் எனக்குன்னு வேணும். யார் வீட்டு விருந்துக்கும் போவ வேணாம். மலைக்குப் போறோம். பெரிய மலைக்கு. பனி இருக்கணும்" என்றாள்.

"சரி" என்றேன்.

"கைடு, சமையல்காரன், கழுதைன்னு கூட்டமா போறதெல்லாம் வேணாம். நம்ம மூட்டைய நாமளே தூக்குறோம். நாமளே சமைச்சிக்கிறோம். டென்ட்டு, பை எல்லாம் நான் பாத்துக்கறேன். அடுப்பு உங்க டிப்பார்ட்மென்ட்டு."

அடுப்பை என்னிடம் விட்டதற்குக் காரணம் இருந்தது. நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வேலையே எதுவும் பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான். உள்ளே வருகிறவர்களின் தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். வால்வு, ரெகுலேட்டர், கசிவு இதெல்லாம் எனக்குப் பழகிய சொற்கள். அவள் செவிலியர். சிதம்பரத்தில் படித்து, கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவு அனுபவத்தோடு மஸ்கட் போனாள். போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

மலை ஆசை எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவருமே சமவெளிக்காரர்கள். கடலூரில் உயரம் என்றால் கேப்பர் மலையின் செம்மண் மேடுதான். சிதம்பரத்தில் அதுவும் கிடையாது. பார்த்த இடமெல்லாம் வயல், வாய்க்கால், வானம். கல்யாணமான புதிதில் ஏற்காடு போனோம். பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாறு வளைவு தாண்டியதும், "நிறுத்தச் சொல்லுங்க, நான் எறங்கிடறேன்" என்று எழுந்தே விட்டாள். கண்டக்டர் சலித்துக்கொண்டு விசில் கொடுத்தார். நடுவழியில் பெட்டியோடு நின்றோம். எனக்குக் கோபம். அவள் சாலையோரம் உட்கார்ந்து முகம் கழுவினாள், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள், பிறகு எழுந்து, "நடந்தே போலாங்க" என்றாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. சேலம் கீழே சின்னதாகிக்கொண்டே போனது. மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கல்வராயன், கொல்லிமலை என்று லீவு கிடைத்தபோதெல்லாம் போனோம். எங்கே போனாலும் பாதிவழியில் இறங்கி நடப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அவள் மஸ்கட் போன பிறகு நான் ஒரு மலைக்கும் போகவில்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கேப்பர் மலைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, மேட்டில் ஏறி நின்று தூரத்தில் தெரியும் கடலைப் பார்ப்பேன். அந்தக் கடலைத் தாண்டினால் மஸ்கட் வராது என்று தெரியும். அவள் இருப்பது வேறு கடல் பக்கம். ஆனாலும் பார்ப்பேன்.

அடுப்பு தேட ஆரம்பித்ததும் என் சாயங்காலங்கள் மாறிவிட்டன. மலையேறுகிறவர்கள் போடும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். உள்ளங்கை உயரத்தில் ஒரு கேஸ் டப்பா. கேனிஸ்டர் என்கிறார்கள், எங்கள் வீட்டில் கடைசிவரை அதற்கு டப்பா என்றுதான் பெயர். அதன் தலையில் மரையில் திருகிக்கொள்ளும் ஒரு சின்ன பர்னர், மடக்கி விரிக்கிற மூன்று கால். அதுதான் எல்லாவற்றிலும் எடை குறைந்தது. டப்பாவைத் தரையில் தனியாகத் தள்ளி வைத்து, பர்னரை ஒரு குழாயால் இணைக்கிற மாதிரியும் உண்டு. அது கனம் அதிகம், ஆனால் தாழ்வாக உட்காரும், சாயாது. பாத்திரமும் அடுப்பும் ஒன்றாகவே பூட்டிக்கொள்கிற இன்னொன்று தண்ணீரைச் சீக்கிரம் கொதிக்கவைக்கும். ஆனால் அதில் ஓர் உப்புமா கிண்ட முடியாது, அடிப்பிடித்துவிடும். டப்பாவுக்குள் என்ன வாயு என்பதும் முக்கியம். வெறும் பியூட்டேன் என்றால் கடுங்குளிரில் ஆவியாகாமல் உள்ளேயே கிடக்கும். புரொப்பேன் கலந்திருக்க வேண்டும். டப்பாவை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது. மலையடிவாரத்தில் போய்த்தான் வாங்க வேண்டும். நம் பக்கத்துக் காடுகளில் அடுப்புப் பற்றவைப்பதே தப்பு. இமயமலைக்குப் போனால்தான் இதற்கெல்லாம் வேலை.

தெரிந்துகொண்டதையெல்லாம் அவளிடம் சொல்வேன். அவள் விடுதியறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பாள். சில நாள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள். போனைக் கையிலேயே பிடித்திருப்பாள், திரையில் கூரையின் ஒரு மூலை மட்டும் தெரியும். நான் உடனே வைக்க மாட்டேன்.

முதலில் அந்தச் சின்ன அடுப்பைத்தான் வாங்கினேன். வந்த அன்று உறையைப் பிரித்துக் கையில் வைத்துப் பார்த்தால் இரண்டு கோழிமுட்டை கனம்கூட இல்லை. கேமராவுக்கு முன் காட்டினேன்.

"இவ்வளோதானா? பொம்ம மாதிரி இருக்கு. பத்தவைங்க, பாக்கலாம்" என்றாள்.

மொட்டைமாடிக்குப் போனேன். சென்னைக் கடையில் வாங்கி பைக்கில் கொண்டுவந்திருந்த டப்பாவில் திருகி, சோப்புநீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். கசிவு இல்லை. குமிழைத் திருப்பி, பட்டனைத் தட்டியதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோடு நீலச்சுடர் எழும்பியது.

"பேசாதீங்க" என்றாள்.

போனை அடுப்புப் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் திரைக்கு இன்னும் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"என்னாச்சு?"

"இங்க ஹாஸ்டல்ல எல்லாம் கரண்டு அடுப்பு. சுட்ட கம்பிதான். நெருப்பப் பாத்தே ரெண்டு வருஷம் ஆவுது. அந்தச் சத்தம் நல்லா இருக்குங்க. இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்" என்றாள்.

அதிலிருந்து அவளுக்கு ஓய்வு வருகிற நாளில் சாயங்காலம் நான் மாடியில் அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் டீ போடுவேன். அவள் அவளுடைய கரண்டு அடுப்பில் போட்டு எடுத்துவந்து உட்காருவாள். இரண்டு பேரும் குடிப்போம். பேச விஷயம் இருந்தால் பேசுவோம். பக்கத்து மாடியில் துணி எடுக்க வருகிற அம்மா, கேஸ் தீர்ந்துபோச்சா தம்பி என்று ஒருமுறை கேட்டார். அடுப்பு வீட்டில் இருக்க ஒருவன் மாடியில் டீ போடுகிறான் என்றால் அவர்தான் வேறு என்ன நினைப்பார்.

மாடியில் எரிவது வேறு, மலைக்காற்றில் எரிவது வேறு. காற்றில் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சிதம்பரத்திலிருந்து என் மச்சானை வரச்சொன்னேன். மனைவியின் தம்பி அவன், ஒரு செல்போன் கடையில் வேலை, அம்மாவோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஆள் இல்லாத மணலில் அடுப்பை நிறுத்தினேன். கடல்காற்று சுடரை ஒரு பக்கமாகப் படுக்க வைத்தது. சுடர் பாத்திரத்தைத் தொடவே இல்லை. அரைமணி போயும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை.

"மாமா, சுத்தி ஒரு தகரம் வெச்சா போதும் மாமா" என்று மச்சான் எங்கிருந்தோ ஒரு எண்ணெய் டின் தகரத்தைக் கொண்டுவந்து சுற்றிக் கட்டப் போனான்.

"டேய், எடுடா அத!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பின்னால் போய் விழுந்தான். அடைத்து மறைத்தால் சூடு கீழே திரும்பி டப்பாவைச் சுடும். டப்பா சுட்டால் வெடிக்கும். இதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மணலில் டப்பாவின் ஒரு பக்கம் இறங்கி, அடுப்பு பாத்திரத்தோடு சாய்ந்தது. நல்ல வேளையாகக் கை பக்கத்தில் இருந்தது, குமிழை மூடிவிட்டேன். டீத்தூளும் சர்க்கரையும் மணலில் போயின.

"அக்காகிட்ட சொல்லாத" என்றேன்.

"சொல்லலன்னாலும் கேட்டு வாங்கிடும் மாமா" என்றான். அப்படியே ஆனது. அன்று சாயங்காலமே அவள் கேட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனிமலையில், கூடாரத்துக்குப் பக்கத்தில், அவள் குனிந்து எதையோ கிண்டிக்கொண்டிருக்கும்போது இது சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. அடுத்த மாதமே குழாய் வைத்த அடுப்பை வரவழைத்தேன். அகலமான கால், தரையோடு தரையாக உட்காரும். டப்பா தள்ளி இருப்பதால் சுற்றிலும் காற்றுத்தடுப்பு வைத்துக்கொள்ளலாம். அதே கடற்கரையில் அதே காற்றில் வைத்தேன். அசையவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முந்தியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம்தான். நான் தூக்கிக்கொள்ளப் போகிறேன், அவளுக்கென்ன என்று நினைத்தேன். அவளிடம் சொன்னபோது, "உங்க இஷ்டங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோடைக்குக் கிடைப்பதாக இருந்த லீவு தள்ளிப்போய் ஐப்பசியில்தான் கிடைத்தது. உயரமான பாதைகள் அடைபடுவதற்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு டெல்லிக்கு டிக்கெட் எடுத்தேன். அவள் வந்து இறங்கிய இரண்டாம் நாள் சிதம்பரத்தில் அவள் அம்மா, என் அத்தை, குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள்.

மலைப்பயணத்தைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டிக்கெட்டை நான் ரத்து செய்தேன். அவள் ஆஸ்பத்திரியிலேயே அம்மா கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துக்கொண்டாள். நான் கடலூரில் ஷிப்டை முடித்துவிட்டு சிதம்பரம் போவதும், ஒரு ராத்திரி இருந்துவிட்டுத் திரும்புவதுமாக இருந்தேன். இரண்டு வருடமாகப் போனில் பார்த்த முகத்தை இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். பிளாஸ்க்கோடு எதிரே வருவாள், ஒரு நிமிஷம் நிற்பாள், "டாக்டர் ரவுண்ட்ஸ் வராரு" என்று போய்விடுவாள். மனைவி ஊரில் இருக்கும்போதும் மஸ்கட்டில் இருப்பதுபோலவே ஏங்க முடியும் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தையை வீட்டுக்கு அழைத்துவந்து, வாக்கர் பிடித்து நாலடி நடக்கவைத்த பிறகு, அவள் திரும்பிப்போக ஒரு வாரம் பாக்கி இருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கடலூர் வீட்டில் சும்மா கிடந்த கூடாரத்தையும் அடுப்பையும் டப்பாவையும் பையில் போட்டு, பைக்கில் கட்டிக்கொண்டு புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போனேன். வழியெல்லாம் தூறல்.

பையைப் பார்த்ததும் மச்சான் சிரித்தான். "இன்னா மாமா, எங்க வீட்டு மாடியில எவரெஸ்ட்டா?"

மாடி மழையில் நனைந்து கிடந்தது. தண்ணீரைத் தள்ளிவிட்டு மூன்று பேரும் கூடாரம் போட்டோம். ஆணி அடிக்கத் தரை இல்லையென்பதால் நாலு மூலைக்கும் செங்கல் வைத்துக் கட்டினோம். மச்சான் கடைக்குக் கிளம்பிவிட்டான். அவளும் நானும் மட்டும் இருந்தோம். மழை விட்டு, மேற்கே கொஞ்சம் வெளுத்திருந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன். அவள் ரவை வறுத்தாள். வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் கீழேயே நறுக்கி எடுத்துவந்திருந்தாள். இரண்டு பேரும் கூடாரத்தின் வாசலில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

சுடரைக் குறைத்துவிட்டு அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இதத் தூக்கிக்கினு எவ்வளோ தூரம் போவ முடியும்?" என்றாள்.

"நான் தூக்கிக்கறேன். காத்துல அணையாது. சாயாது. அதான் முக்கியம்."

"நீங்க ஒரே எடத்துல உக்காந்து சமைக்கறதுக்கு வாங்கியிருக்கீங்க. நான் நடக்கறதுக்குக் கேட்டேன்."

அவள் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "இதுக்கு என்னா கொற? பத்திரமா இருக்கு" என்றேன்.

"எல்லாத்துக்கும் பத்திரமே பாத்துக்கினு இருந்தா வீட்லயே இருக்கலாமே" என்றாள். கொஞ்ச நேரம் ரவையைக் கிளறினாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள். "காண்ட்ராக்ட்ட இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் போட்டுட்டேங்க. வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டேன்."

இந்த லீவில் வந்தால், திரும்பிப் போகவேண்டாம் என்று சொல்லலாம் என நான் நினைத்திருந்தேன். மலையில், ஏதோ ஒரு நல்ல இடத்தில் உட்கார்ந்து சொல்வதாக இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டீங்க. ஒங்க மூஞ்சி சொல்லும். அதப் பாத்துட்டு என்னால கையெழுத்துப் போட முடியாது." அடுப்பை அணைத்தாள். அந்த இரைச்சல் நின்றதும் மாடி திடீரென்று அமைதியாகிவிட்டது. "இங்க வேல பாத்தப்போ பத்து வருஷம் ஆனாலும் 'சிஸ்டர், அந்த ட்ரேய எடு'ம்பாங்க. அங்க ராத்திரி ஷிப்டுல பன்னெண்டு பெட்டு என் கையில இருக்கு. டாக்டருங்க எங்கிட்ட வந்து, நீ என்னா நெனைக்கிறன்னு கேக்கறாங்க. இன்னும் கொஞ்ச நாள் அங்க இருக்கணும்னு இருக்குங்க. ஒங்கள விட்டுட்டு இருக்கறதும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டும் உண்மதான். நான் என்னா பண்ணட்டும்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெங்காய வாசம். கீழே இருந்து அத்தையின் குரல் வந்தது. "அடியே, உப்புமா வாசன இங்க வரைக்கும் வருது. எனக்கு இல்லையா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டோடு எழுந்தாள். அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டது.

அவள் திரும்பிப் போனாள். சென்னை விமானநிலையத்திலிருந்து திரும்பி வந்து நான் அடுப்பைத் தொடவில்லை. சில வாரம் கழித்து அவளே கேட்டாள்.

"என்ன, டீ போடறத நிறுத்திட்டீங்களா?"

"மழ" என்றேன்.

"மழதானா?"

"இல்ல."

"ஜூன்ல மூணு வாரம் லீவு குடுக்கறாங்க. எழுதி வாங்கிட்டேன். நான் நேரா டெல்லிக்கு வந்துடறேன். நீங்களும் அங்க வந்துடுங்க. ஊருக்கு வந்தா எதாச்சும் ஆயிடும். அம்மாகிட்ட சொல்லிட்டேன், 'போயிட்டு வாங்கடி, நான் விழ மாட்டேன்'னு சொல்லிச்சு" என்றாள்.

மறுபடி தேட ஆரம்பித்தேன். இந்த முறை அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு தேடினேன். நடக்கிறவளுக்கான அடுப்பு. டப்பாவின் தலையில் திருகுகிற வகைதான். ஆனால் முதலில் வாங்கியதுபோல் மேடான பர்னர் இல்லை. தலை குழிந்திருக்கும், சுடர் பள்ளத்துக்குள்ளிருந்து வருவதால் காற்று எளிதில் கலைக்காது. பாத்திரம் நிற்கும் கால் சற்று அகலம். டப்பாவின் அடியில் மாட்டிக்கொள்ள மூன்று காலுள்ள ஒரு பிளாஸ்டிக் தாங்கி தனியாகக் கிடைத்தது, கனமே தெரியாது. எல்லாம் சேர்த்தாலும் குழாய் அடுப்பில் பாதிதான். தேவனாம்பட்டினத்துக்கு எடுத்துப்போய், ஒரு படகின் மறைவில், காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பற்றவைத்தேன். கொஞ்சம் நேரம் பிடித்தது, ஆனால் கொதித்தது. அவள் விடுதியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதான்" என்றாள். "இது போதும்."

முதல் அடுப்பை மச்சான் எடுத்துக்கொண்டான். நண்பர்களோடு மாடியில் முட்டை பொரிப்பதாகக் கேள்வி.

ஜூனில் டெல்லியில் சந்தித்தோம். பேருந்தில் மணாலிக்குப் போனோம், வழியெல்லாம் வளைவு, அவள் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியே வந்தாள். கடைத்தெருவில் டப்பா வாங்கினோம். விடுதி அறையில் சோப்புநீர் தடவி நான் கசிவு பார்ப்பதைக் கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "மலையில வந்தும் ட்யூட்டியா?" என்று சிரித்தாள். மறுநாள் ஆற்றோரமாக ஏறத் தொடங்கினோம். பை கனத்தது. மூச்சு இரைத்தது. அவள் முன்னால் போனாள், நான் பின்னால். ஏற்காட்டில் நான் முன்னால் போனேன்.

இரண்டாம் நாள் தங்கிய இடம் மரங்களெல்லாம் முடிந்துபோன உயரத்தில் ஒரு புல்வெளி. சுற்றிலும் பனிச் சரிவுகள். காலையில் எழுந்து அடுப்பின் பட்டனைத் தட்டினால் பொறி வரவில்லை. அந்த உயரத்தில் இப்படி ஆகும் என்று படித்திருந்ததால் தீப்பெட்டி கொண்டுவந்திருந்தேன். ஆனால் பனியில் அது ஊறிப்போயிருந்தது. அவள் தன் பையிலிருந்து ஒரு லைட்டரை எடுத்து நீட்டினாள். டப்பாவை ராத்திரி முழுக்கத் தன் தூக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருந்தாள். குளிர்ந்துபோனால் வேகம் குறையும் என்று நான் எப்போதோ போனில் சொன்னது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்த ஒரு நாளில் சொன்னது.

காற்று வரும் பக்கம் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து மறைத்துக்கொண்டோம். சுடர் நின்றது. தண்ணீர் கொதிக்க வெகு நேரம் எடுத்தது. எனக்கு அது கொதிக்கவே வேண்டாம் என்றிருந்தது.

இஞ்சி தட்டிப்போட்ட டீயை ஊதிக் குடித்துவிட்டு அவள் எதிரே இருந்த பனியைப் பார்த்தாள். "இப்ப நம்ம பீச்சுல உக்காந்து மாங்கா போட்ட சுண்டல் தின்னா எப்பிடி இருக்கும்!" என்றாள்.

"கடலூர்ல இருந்தா மல வேணும், மலைக்கு வந்தா கடலூர் வேணுமா?"

"ஆமா. எங்க இருந்தாலும் எனக்கு எதாச்சும் ஒண்ணு வேணுமாத்தான் இருக்கு" என்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒங்களுக்கு அப்பிடி இல்லையா?" என்றாள்.

எனக்கு வேண்டியது தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதையும் இன்னும் சில நாளில் விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். மாடியில் சொல்லாமல் விட்டதை அங்கேயாவது சொல்லியிருக்கலாம். "திரும்பிப் போவாத" என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். வெயிலில் மூக்கு உரிந்து, உதடு வெடித்து, ஆனால் ஏற்காட்டில் பார்த்தேனே, அந்த மகிழ்ச்சியோடு இருந்தாள். நான் சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

இறங்கி வந்ததும் டப்பாவில் மிச்சமிருந்த கேஸை, மேலே போகக் காத்திருந்த ஒரு ஜோடியிடம் கொடுத்துவிட்டோம். டெல்லி விமானநிலையத்தில் அவள் என் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுக்காமல் போட்டுக்கொண்டே உள்ளே போனாள். மஸ்கட்டில் அப்போது நாற்பது டிகிரிக்கு மேல் வெயில்.

நான் ரயிலில் திரும்பினேன். சென்னையில் வண்டி மாறி வரும்போது கடலூரில் இறங்கத் தோன்றவில்லை. மலைப்பையோடு நேராகச் சிதம்பரம் போனேன். அத்தை வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். மச்சான் கடைக்குப் போயிருந்தான். என்னை உட்காரவைத்து, "எங்க, போட்டோவக் காட்டுங்க" என்றார்.

ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பனி, ஆறு, கூடாரம், கூடாரத்துக்கு முன்னால் அடுப்பு. அத்தை எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டச் சொன்னார். அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் வந்ததும் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"மூக்கெல்லாம் உரிஞ்சி கெடக்கு பாருங்க. எண்ண தடவச் சொல்லலையா நீங்க?"

"சொன்னேன் அத்த. கேக்கல."

"எப்பவும் கேக்க மாட்டா. நல்லா சாப்ட்டாளா?"

"நல்லா சாப்ட்டா."

"தூங்கினாளா?"

"தூங்கினா."

அவர் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினார். மகளின் முகம் முழுத்திரைக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் குறைந்து திரை அணைந்தது. "ஏங்க, அணஞ்சிபோச்சு, போட்டுக் குடுங்க" என்று நீட்டினார். நான் தொட்டுக் கொடுத்தேன். மறுபடி அணைந்தது. மறுபடி கொடுத்தேன். பிறகு அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, திரை அணையாமல் விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.